எக்ஸ்திரமதூராவைப் பாடாத ஞாயிறு

வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருந்து ஃபிளமெங்கோ பாடுகிறவன் நான் ஒருவன்தான். இதில் பெருமை ஒன்றும் இல்லை. டாங்கோஸ் பழகுகிறேன் என்றால், யாரைக் கட்டிப்பிடித்து ஆடுகிறாய் என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். அது டாங்கோ நடனம், வேறு. இது தெற்கு ஸ்பெயினில் கைதட்டிப் பாடுவது. நாலு தட்டுத் தாளம் எங்கும் ஒன்றுதான், பாடும் விதம் ஊருக்கு ஊர் மாறும். காடிஸ்காரர் குறும்பாகத் துள்ளுவார்கள். கிரனாடாவில் குரல் கனத்து அடித்தொண்டையிலிருந்து வரும். எக்ஸ்திரமதூராவில் வேகம் குறையும். ஒவ்வொரு வரியும் கடைசியில் இழுபட்டுக் கீழே விழும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஸ்பெயினில் ஓர் ஆசிரியர் இணையத்தில் சொல்லித்தர மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பாட்டைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். ஞாயிறு இரவுதான் கடைசி. திங்கள் முதல் சனி வரை வேலை முடிந்து வரும்போது என் குரல் எதற்கும் உதவாது. ஞாயிறை நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் கீழ்வீட்டு அன்ரி கதவைத் தட்டினார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. நாளைக்கு என்ர பிள்ளையைப் பொம்பிளை பார்க்க லண்டன் ஆக்கள் வருகினம். நாள் முழுக்க நீங்கள் பாடாமல் இருக்கவேணும்."

"ஒண்டுமே பாடக் கூடாதோ?"

அவர் யோசித்தார். "அந்தத் துள்ளுற பாட்டுப் பரவாயில்லை. அடித்தொண்டையால கத்துறதையும் ரீவியெண்டு சொல்லிச் சமாளிக்கலாம். இழுத்து இழுத்து விழுறது மட்டும் வேண்டாம். செத்தவீடு மாதிரிக் கிடக்கு."

மூன்று ஊர்களையும் சரியாகப் பிரித்துவிட்டார். கொழும்பில் எனக்கு வாய்த்த ஒரே ரசிகர் முறைப்பாடு சொல்ல வந்தவர்.

"அன்ரி, அது கலியாணவீட்டில பாடுறது."

"பொம்பிளை ஓடிப்போன கலியாணமோ?"

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தேன். அங்கே மாதா கோயில் திருநாள். தெரு முழுக்க ஒலிபெருக்கி. வேறு வழி இல்லை. ஞாயிறு பின்னேரம், கீழே கதிரைகள் இழுபடும் சத்தத்துக்கு மேலே இருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காடிஸ் பாட்டைப் பாடி அனுப்பினேன்.

பதில் மரியாதையாக வந்தது. இந்தப் பாட்டுக்குச் சிரிப்பு வேண்டும், உங்கள் குரலில் அது இல்லை என்று எழுதியிருந்தார். எப்படி இருக்கும்?

கீழே சம்பந்தம் சரிவந்துவிட்டது. அன்ரி லட்டு கொண்டுவந்து தந்தார். மூன்றாம் நாள் படியில் அவர் மகளைக் கண்டேன். வாழ்த்துச் சொன்னேன்.

"அண்ணா, ஏன் அண்டைக்கு அந்த அழுகைப் பாட்டைப் பாடேல்லை?"

"உங்கட அம்மா வேண்டாமெண்டு சொன்னவா."

"சொன்னா நீங்கள் கேட்பீங்களெண்டு ஆர் நினைச்சது? லிப்ட் பழுதெண்டாலே ஊரைக் கூட்டிற ஆள் நீங்கள். மாப்பிள்ளையின்ர தாய் சகுனம் பார்க்கிற மனுசி. ஒரு வரி கேட்டாலே காணும், தேத்தண்ணியை வைச்சிட்டு எழும்பியிருப்பா. எனக்கு அந்த மாப்பிள்ளையைக் கொஞ்சமும் பிடிக்கேல்லை. உங்களைத்தான் நம்பியிருந்தனான்."

முன்கூட்டியே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வாசலில் நின்ற ஓட்டோவிலிருந்து அன்ரி கூப்பிட்டார். கலியாணக் கூறைச்சேலை எடுக்கப் போகிறார்களாம்.

"இனியென்ன, விரும்பினதைப் பாடுங்கோ," என்றுவிட்டு அவள் இறங்கிப் போனாள்.