குளவி கொட்டிய தம்பிக்கு ஒரு அறிவித்தல்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு டெலிபோன் லைன் இருந்ததாம். அந்த லைனை நம்பி ஒரு கடை, அந்தக் கடையை நம்பி நான். ஊர், கொழும்பு வெள்ளவத்தை. காலம், வீதிக்கு வீதி சோதனைச் சாவடி இருந்த காலம். தொழில், செய்திக்குழுக்களுக்குக் கட்டுரை அனுப்புவது. செய்திக்குழு என்றால் உலகத்தில் எவரும் எழுதி ஒட்டலாம், எவரும் வாசிக்கலாம் என்கிற அறிவித்தல் பலகை. மொடம் கத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பல்லைக் கடித்தவர்கள் உங்களில் இருந்தால், மிச்சத்தை நான் சொல்லாமலே விளங்கும்.

கேட்டுக் கேட்டுக் கொடுக்கிற சாமான்

எங்கள் கொம்பியூட்டரில் சேர்ந்த கட்டுரைகளைச் சிங்கப்பூர் சேர்வருக்கு அனுப்ப ஒரு கட்டளை இருந்தது. ஒரு வரி தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். அது ஒவ்வொரு கட்டுரையின் அடையாள எண்ணையும் சொல்லி, “இது உன்னிடம் இருக்கிறதா?” என்று அந்தப் பக்கத்தைக் கேட்கும். இல்லையென்றால் கொடுக்கும். இருக்கிறதென்றால் அடுத்ததுக்குப் போய்விடும்.

கடைக்காரர் கொம்பனித்தெருவைச் சேர்ந்தவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல நானா என்று கூப்பிடுவோம். ஒருவரும் தொடாமல் திரையில் எழுத்து ஓடுவதை அவர் முதல் நாள் கதவோரம் நின்றுதான் பார்த்தார். நான் விளக்கி முடித்ததும் சொன்னார்: “குடுக்கவும் முந்தி ஈக்கா ஈக்காண்டு கேக்குது. எங்கட மச்சானப் போல, ஒருத்தனயும் நம்பாத சாமான்.”

பேர் வேண்டாம்

பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த ஒரு அக்கா வந்தா. யாழ்ப்பாணம். கனடாவில் இருக்கும் தம்பி வீடு மாறியதில் அவனுடைய டெலிபோன் நம்பர் செத்துப்போயிற்று. கொழும்பில் நிற்கப் பொலிஸ் தந்த அனுமதி மாத முடிவோடு சரி. தம்பி பொறுப்பெடுத்து ஒரு கடிதம் அனுப்பினால் நீட்டுவார்கள். இல்லையென்றால் வவுனியா அகதி முகாமுக்குத் திரும்ப வேண்டும்.

அறிவித்தல் போடுவோம் என்றேன். போடலாம், ஆனால் தன் பேர் வேண்டாம், அவன் பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்றா. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: “மாமரத்தில் ஏறிக் கண்ணில் குளவி கொட்டு வாங்கிய தம்பிக்கு. அக்கா கொழும்பில். உடனே தொடர்பு கொள்.” அதோடு கடையின் ஈமெயில் முகவரி. அந்தக் காலத்தில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம். இது ஆருக்கு அக்கா விளங்கும் என்று கேட்டேன். “விளங்க வேண்டியவனுக்கு விளங்கும். மற்றவைக்கு ஏன் விளங்கோணும்?”

நேற்று அனுப்பினது ஆர்?

அடுத்த நாளும் வந்தா. பதில் இல்லை என்றதும் நான் அனுப்பவேயில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டா. சரி, கண்ணால் பாருங்கோ என்று அதே கட்டுரையை அவவின் முன்னாலேயே மறுபடி அனுப்பினேன். சிங்கப்பூர், “இருக்கிறது, வேண்டாம்” என்றது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவ திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. “வேண்டாம் எண்டு சொல்லுது. அப்ப நேற்று அனுப்பினது ஆர் தம்பி, நீரோ, வேறை ஆரோ?”

குளவி யார்?

பொலிஸ் சோதனைக்கு வந்தபோதும் அக்கா கடையில்தான் இருந்தா. சார்ஜன் வவுனியாவில் வேலை செய்தவர், தமிழ் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் எழுத்து தெரியுமே. திரையில் நின்ற அறிவித்தலை எழுத்துக்கூட்டி வாசித்தார். “மாமரம் எந்த இடம்? குளவி யார்?”

குளவி குளவிதான் ஐயா என்றேன். எனக்கு இயல்பிலேயே சின்னக் குரல். “மல்லி, ஏன் ரகசியமாப் பேசுறது?” என்று, சிங்களத்தில் தம்பி போட்டு, இன்னும் கிட்ட வந்தார். அக்காவின் பொலிஸ் அனுமதிப் பதிவுத் துண்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அது போனால் மாத முடிவுவரை காத்திருக்கவே தேவையில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, தன் பேர், தகப்பன் பேர், தம்பி பேர், ஊர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, அறிவித்தலில் போடச் சொன்னா. நான் குளவிக்கு மேலே அவற்றையும் சேர்த்துப் புதிய கட்டுரையாக அனுப்பினேன். சிங்கப்பூர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. சார்ஜன் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். “பேர் இருக்கிற ஆளால எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பேர் இல்லாத ஆளத்தான் நாங்க தேடுறது.”

திருத்தினவன்

மாதம் முடியக் கிட்டத்தில் கனடாவிலிருந்து பதில் வந்தது. அக்காவை லொட்ஜிலிருந்து கூப்பிட்டு வந்து வாசித்துக் காட்டினேன். “முந்தின அறிவித்தலையும் பார்த்தேன். யாரோ ஏமாற்றுக்காரர் என்று விட்டுவிட்டேன். இப்போது எங்கள் பேரெல்லாம் போட்டிருக்கிறீர்கள், ஆனால் குளவி எனக்குக் கொட்டியது காதில், கண்ணில் அல்ல. உண்மையில் யார் நீங்கள்?” கீழே ஒரு டெலிபோன் நம்பர்.

அக்கா கதிரையில் இருந்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அவ சிரித்து அன்றுதான் கண்டேன். “கண் எண்டு நீங்கள்தானே அக்கா சொன்னீங்கள்?”

“பிழையாச் சொன்னால்தானே தம்பி, திருத்திறவன் ஆரெண்டு பிடிக்கலாம்.”

நானாவின் டெலிபோனில் கதைத்தா. முதலில் இரண்டு பக்கமும் கேள்விதான். பிறகு இரண்டு பக்கமும் அழுகை. கடிதம் நாளைக்கே ஃபக்ஸில் வரும் என்றா. பிறகு, வந்த பதிலைத் தன் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லி, திரை கறுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு லொட்ஜ் பக்கம் நடந்தா. உலகமெல்லாம் சேதி அனுப்பிய எனக்கு, என்னை நம்பி ஒரு சேதி தந்த ஆள் கடைசிவரைக்கும் வந்து வாய்க்கவில்லை.