ஏரிக்கு இடம் கொடுத்த பங்களா

கல்லூரித் தோழி கீதாவும் அவள் கணவர் இளங்கோவும் செந்துறைப் பக்கம் ஏரியோரம் ஒரு பழைய பங்களாவை வாங்கிக்கொண்டு ஐந்து வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன கார்த்திகையில்தான் எனக்கு வேளை வந்தது. அடைமழையில் ஊர் சுற்றுவார்களா என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

பெரம்பலூரில் காலை ஏழரைக்கு இறங்கினேன். அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் ஒன்றேகால் மணி நேரம். பிறகு செந்துறை பஸ், அங்கிருந்து ஆட்டோ. இருநூறு ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசாதீர்கள், சாலை அப்படி.

"ஏரி பங்களாவுக்குங்களா?" என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "விருந்துக்கு வந்தீங்களா, சாமான் தூக்க வந்தீங்களா? தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சுங்க."

வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் தங்கக் கட்டிய நாலறை வீடு அது. ஏரி நிரம்பினால் கூடத்துக்குள் தண்ணீர் வரும் என்று விற்றவரே சொல்லியிருக்கிறார். வறண்டு கிடந்த ஏரியைப் பார்த்து இவர்கள் சிரித்துவிட்டு வாங்கிவிட்டார்கள். உள்ளே பர்மா தேக்குக் கட்டில், பெல்ஜியம் கண்ணாடி, ஆளுயரக் கடிகாரம். டீச்சர் சம்பளத்தில் கீதா ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. காபி டம்ளரை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

குடித்து முடிப்பதற்குள் பெரியசாமி வந்தார். ஏரிப் பாசன விவசாயிகளுக்குத் தலைவர்.

"இன்னும் ஒரு சாண் ஏறுனா வூட்டுக்குள்ள வந்துரும் சார். நீங்க சொன்னா மதகைத் தொறந்து வுட்டுர்றோம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மழையில் வயலெல்லாம் ஏற்கெனவே நனைந்து கிடந்தது. இப்போது திறந்தால் அந்தத் தண்ணீர் ஓடையோடு போய்விடும். தை மாதம் கதிருக்கு வேண்டிய தண்ணீர் அது. இளங்கோ கீதாவைப் பார்த்தார். கீதா கட்டிலைப் பார்த்தாள்.

"தொறக்காதீங்கண்ணே," என்றாள். "டிராக்டர் மட்டும் அனுப்புங்க."

ஒன்று கேட்டாள், நான்கு வந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரே வந்தது. பெல்ஜியம் கண்ணாடியின் ஒரு மூலை என் கையில். வாழ்நாளில் அவ்வளவு பயந்து நான் எதையும் தூக்கியதில்லை. சாயங்காலம் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு கீதாவின் கூடம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது. கட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கால் நீட்டிப் படுத்திருந்தாள். கண்ணாடி முன்னால் நாலு பெண்கள் முண்டியடித்துத் தலை வாரினார்கள். எங்கள் மூவருக்கும் பெரியசாமி வீட்டில் சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. சாமான் தூக்கி, சோறும் போட்ட அந்தக் கைகளை நான் மறக்க மாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு எழுத வராது. பங்களாவில் அறை வாடகைக்குக் கிடையாது. ஏரிக்கரை எல்லோருக்கும் பொது. தை பிறந்த பிறகு போனால் பறவைகளும் இருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். குடை, ரப்பர் செருப்பு அவசியம். சாப்பாட்டை அரியலூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் கலிங்கின் கல்சுவரைத் தாண்டி வழிந்தது. மஞ்சள், பூத் தட்டோடு ஊர் கூடி நின்றது. பெரியசாமி தட்டைக் கீதாவிடம் நீட்டினார்.

"நீங்க போடுங்கம்மா. ஒங்க வூட்டுக்குள்ளதான மொதல்ல வந்துச்சு."

கணுக்கால் தண்ணீரில் நின்று பூவைத் தூவினாள். தூரத்தில் அவள் கூடத்துக்குள் தண்ணீர் நின்றது. கன்னம் நனைந்திருந்தது.

"அழுவுறியாடி?" என்றேன்.

"ஒண்ணொண்ணா எத்தனையோ சேத்துருக்கேன்," என்றாள் ஏரியைப் பார்த்தபடி. "இவ்ளோ பெருசா எதுவும் சேந்ததில்லடி."