அறுபத்து நான்கில் ஒன்று கெட்டிமேளம்

போன வருடம் தை மாதம், எங்கள் தீவில், பெரார்கஞ்சு என்ற ஊரில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. எனக்கு ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் வேலை. லீவு நாட்களில் கல்யாணங்களுக்கு டிஜே. டிஜே என்றதும் தலைமுடிக்குச் சாயம் அடித்த பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். வயது நாற்பத்தாறு, கூடவே முதுகுவலி.

இங்கே நாகஸ்வரக் கோஷ்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்துவிட்டால், ஒரு வீட்டுக்கு ரெக்கார்டில் ஓடும் வாத்தியம்தான். தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளத்தைத் தட்டிவிடுவது என்னைப் போன்றவர்கள் பொறுப்பு.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, உப்புக்காற்று என் பழைய டிஜே மெஷினைத் தின்றுவிட்டது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக ஒன்று வரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கையில் இருந்தது எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு பட்டன் உள்ள ஒரு பெட்டி மட்டும். எந்தப் பட்டனைத் தொட்டால் எது நடக்க வேண்டும் என்று லேப்டாப்புக்கு நாமேதான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து வந்து, கண் சொருகச் சொருக, மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு பட்டனைக்கூடச் சும்மா விட மனசில்லை. பாட்டுக்குப் பச்சை விளக்கு, நிறுத்தச் சிவப்பு, கெட்டிமேளத்துக்கு மஞ்சள், அதன் பக்கத்திலேயே கூட்டத்தை உசுப்பும் சைரனுக்கு ஆரஞ்சு. அறுபத்து நான்கும் எரிந்தபோது, அசதியிலும் ஒரு திமிர் வந்தது.

மணப்பெண்ணுக்கு முன்பு ஒரு தடவை நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. அதனால் அவள் அம்மா எதற்கெடுத்தாலும் பயந்தார். காலையில் நான் ஸ்பீக்கரை இறக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, மத்தது எப்புடியும் போகட்டும். கெட்டிமேளம் மட்டும் நேரத்துக்கு வந்துரணும்."

கவலைப்படாதீர்கள் அக்கா என்றேன். பிறகு பெட்டியைத் திறந்தால், ஒரு விளக்கையும் காணோம்.

எங்கள் ஊரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். நான் வீடு திரும்புவதே இருட்டில்தான். மூன்று வாரத்தில் அந்தப் பெட்டியை ஒரு தடவைகூடப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. இங்கோ திறந்த வயலில் பந்தல், எனக்கு ஒதுக்கிய மேஜை பந்தலுக்கு வெளியே, சுள்ளென்று வெயில். அத்தனை பட்டனும் ஒரே வெள்ளை. லேப்டாப் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மேஜையை நகர்த்தலாம் என்றால் ஒயர் எட்டவில்லை.

குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டேன். மாலை மாற்றும் நேரத்தில் சைரன் அலறியது. ஒயரைப் பிடுங்கி நிறுத்துவதற்குள் பந்தலே திரும்பிப் பார்த்துவிட்டது. பெண்ணின் அம்மா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

துண்டைத் தலையோடு போர்த்திப் பார்த்தேன். நிறம் தெரிந்தது, ஆனால் மணவறை தெரியவில்லை. தாலி கட்டுவதைப் பார்க்காமல் கெட்டிமேளம் எப்படித் தட்டுவது?

பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்திருந்த பெங்காலி அம்மா ஒருவர் என் கூத்தைக் கவனித்திருக்கிறார். தன் அலங்காரப் பெட்டியோடு பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, இதுல இன்னிக்கு எத்தனை வேணும்?" என்று பட்டன்களைக் காட்டித் தீவு இந்தியில் கேட்டார்.

யோசித்தேன். நாகஸ்வரம், நிறுத்த, சத்தம் குறைக்க, கெட்டிமேளம். நாலு என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. அவர் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினார். துண்டுக்குள் புகுந்து ஒட்டினேன். மூன்றுக்குச் சின்னப் பொட்டு, கெட்டிமேளத்துக்கு இருந்ததிலேயே பெரிய சிவப்பு.

ஐயர் கை உயர்த்தினார். பொட்டைத் தொட்டேன். கெட்டிமேளம் கொட்டியது. அப்படியே ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பந்தி நடக்கும்போது பெண்ணின் அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். சைரனுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கண் பெட்டி மேல் இருந்தது.

"பொட்டு கோணலா இருக்கே" என்று விரலால் நேராக அமுக்கினார்.

பந்தி நடுவே மறுபடி கெட்டிமேளம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு நிமிர்ந்தார்கள். அவர் பதறிக் கையை இழுத்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

புது மெஷின் பிறகு கப்பலில் வந்துவிட்டது. அந்தப் பட்டன் பெட்டியில் ஒட்டிய பொட்டுகளை இன்னும் உரிக்கவில்லை. வேலை, வீடு, முதுகுவலி என்று எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும் நாட்களில், இன்றைக்கு இதில் எத்தனை வேண்டும் என்று அந்த அம்மாவின் குரலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் நாலுக்கு மேல் ஒரு நாளும் வந்ததில்லை.