அப்பா வளர்த்த தாடி

சலூன் வைத்திருப்பவருக்கு எதற்குத் தாடி என்று அப்பாவைச் சீண்டாத உறவினர் இல்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவுமலரைக் கையிலெடுத்திருக்கும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர் சிரித்துவிட்டு உங்கள் கன்னத்தில் சோப்பு நுரையை அப்பியிருப்பார். பதிலை நான் எழுதுகிறேன்.

பருத்தித்துறைக்கு அருகே பிறந்த அப்பா, தகப்பனை இழந்து சிறுவயதிலேயே கொழும்புக்கு வந்தார். வேலை பழகி, கொட்டாஞ்சேனையில் இரண்டு நாற்காலிகளோடு சொந்தச் சலூன் திறந்தார். பொய் சொல்ல வராது அவருக்கு. மை பூசினால் வயது குறைந்து தெரியுமா என்று கேட்பவரிடமும், "உங்களுக்குக் குறைஞ்சு தெரியாது, ஐயா" என்றுவிடுவார்.

1971, நான் அம்மாவின் வயிற்றில் இருந்த காலம். புரட்சிக்காரர்கள் என்று சந்தேகித்து இளைஞர்களை அரசாங்கம் தேடித் தேடிப் பிடித்தது. சிவப்பு அட்டைப் புத்தகமோ தாடியோ இருந்தாலே ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறிய எல்லோரும் திரும்பி வரவில்லை. ஒருநாள் காலை, வழக்கமாக முடி வெட்ட வரும் சிங்கள மாணவர் ஒருவர் ஓடிவந்து, தாடியை முழுதாக எடுக்கச் சொன்னார். எடுத்துப் பின்கதவால் அனுப்பிய கையோடு பொலிஸ் வந்தது. தரையில் கிடந்த முடி யாருடையது என்று அதிகாரி கேட்டார்.

"என்ர தாடி, மாத்தயா. இப்பதான் எடுத்தனான்."

அதிகாரி நம்பவில்லை. பதினொரு நாள் அடைத்துவைத்து அடித்தார்கள். அப்பா அந்தப் பதிலை மாற்றவேயில்லை. வீடு திரும்பியபின் தன் முகத்தில் கத்தி வைக்கவுமில்லை.

"உங்களுக்கென்ன விசரே? தாடியோட நிண்டா ஆர் சேவ் எடுக்க வருவினம்?" என்று அம்மா அழுதாராம்.

"தாடி இருந்ததெண்டு சொல்லிப்போட்டன். இனி இருக்கத்தானே வேணும்?"

இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையில் கண் கலங்குகிறது. தாடியோடு நின்றும் சலூனுக்கு ஆட்கள் வந்தார்கள். தப்பிய மாணவரும் நிலைமை அடங்கியதும் வந்தார். பிறகு ஆசிரியரானார். ஐம்பது வருடங்களாக மாதம் தவறாமல் அப்பாவிடமே முடி வெட்டிக்கொண்டார். மறுபடி தாடி வைக்கவில்லை.

இறுதி இரண்டு வருடங்களை அப்பா வெள்ளவத்தையில் என்னுடன் கழித்தார். மருத்துவம் பார்த்தவர்களுக்கும், படியேற முடியாத அவரைத் தூக்கிவந்த கீழ்வீட்டுக்காரருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

இன்னொருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். உடலைக் கொண்டுபோன மலர்ச்சாலையில், பார்வைக்கு வைக்குமுன் முகத்தைச் சவரம் செய்யவா என்று ஊழியர் கேட்டார். மூலையில் இருந்த அந்த ஆசிரியர் ஊன்றுகோலோடு எழுந்து வந்து, அப்பாவின் நெஞ்சில் கைவைத்தார்.

"வேணாம், மல்லி," என்று ஊழியரைச் சிங்களத்தில் தம்பியென அழைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "அது என்ட தாடி."