விளக்கு வைத்த பிறகு ஒரு புஷ்

என் மனைவி தாட்சாயினி உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறாள். எழுதுவதன் ஒரு பிரதி அவளுடைய மடிக்கணினியில், இன்னொன்று கம்பனியின் களஞ்சியத்தில். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மற்றவர்கள் எழுதியதை இறக்குவது புல், தன்னுடையதை அனுப்புவது புஷ். நெல் விதைக்கிற எனக்கே இவ்வளவும் பாடம்.

அந்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குள் புஷ் பண்ணினால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான். மத்தியானம் போன கரண்ட் விளக்கு வைத்த பிறகுதான் வந்தது.

தாட்சாயினி கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தால் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுப்பதில்லை, லட்சுமி போய்விடுவாள். புல் பண்ணலாம், வருவதுதானே. புஷ் கூடாது.

"அனுப்பினாலும் உம்மட பிரதி இஞ்சதானே கிடக்கும்?" என்றேன்.

"உப்புக் குடுத்தாலும்தான் போத்தலில மிச்சம் கிடக்கும். அதுக்காகக் குடுக்கிறனாங்களோ?"

எனக்கு எரிச்சல் வந்தது. வெளியே இருந்து அனுப்பினால் வீட்டிலிருந்து கொடுத்ததாகாதே என்று கதிரையைத் தூக்கிப் படலைக்கு வெளியே வீதியில் வைத்தேன். அவள் மடிக்கணினியோடு வந்து இருந்தாள். புஷ் பண்ணினால் களஞ்சியம் ஏற்கவில்லை. கூட வேலை செய்யும் சிவகரன் தன்னுடையதை முந்தி அனுப்பிவிட்டானாம், அதை இறக்கிச் சேர்த்த பிறகுதான் இவளுடையது போகுமாம். இறக்கினால், இருவரும் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றியிருந்தார்கள்; எது நிற்க வேண்டும் என்று அவள்தான் பார்த்துத் தீர்க்க வேண்டுமாம். அவள் தலையில் கைவைத்துக் குனிந்திருந்தாள். நுளம்புக்கு நான் மூட்டிய புகையில் கண் கலங்கி மூக்கை உறிஞ்சினாள். நான் படலையில் நின்று, "கெதியா, கெதியா" என்று கத்தினேன்.

சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டு வீரகத்தி அண்ணை எங்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் வேகமாக மிதித்துப் போனார்.

ஏழுக்குச் சற்று முன் புஷ் போய்விட்டது. வேலை நிரந்தரம் என்று உடனேயே செய்தியும் வந்தது. அவளைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் விடிய, முள்ளியவளையிலிருந்து மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் சரியில்லை. தாட்சாயினி புஷ், புல் என்று நடந்ததை எல்லாம் சொன்னாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேத்தண்ணியையும் தொடவில்லை.

"அதெல்லாம் சரி தம்பி. வீரகத்தி இரவே போனில சொன்னவர். விளக்கு வைச்ச நேரம் பிள்ளையை ஏன் அழ அழ ரோட்டில இருத்தினனீர்?"

நான் வாய் திறக்கமுன் அவள் முந்திக்கொண்டாள். "அது நல்லதுக்குத்தான் அப்பா. இனி எல்லா வெள்ளியும் அங்கதான் இருப்பன்."

மாமா கதிரையை விட்டு எழும்பினார்.

"உடுப்பை எடு பிள்ளை, போவம்."