சங்கிலிப்பாண்டிக்குக் கேட்ட குரலும் ஒரு ஆடி மாதமும்

தென்காசியில் மைக்செட் சங்கிலிப்பாண்டியைத் தெரியாதவர்களுக்கும் அவன் கட்டிய குழாய் ஸ்பீக்கரைத் தெரிந்திருக்கும். காது கிழியக் கத்தும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன்தான். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்த பாவத்துக்கு நான் வருஷக்கணக்கில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" கேட்டே காலம் தள்ளினேன். அதைக்கூட மன்னித்துவிடலாம். அவனுடைய அண்ணனையும் மாமனாரையும்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். சங்கிலிப்பாண்டிக்கு ஒரு குரல் கேட்கும். ஆள் இருக்காது, குரல் மட்டும். அதுவும் நம்மைப் போலப் பேசாது, மேடைப் பேச்சாளர் மாதிரி சுத்தத் தமிழில் பேசும். "இதோ, சங்கிலிப்பாண்டி இட்லி உண்கிறார். இன்னும் வேண்டுமாம். வெட்கம் இல்லை." "இதோ, சங்கிலிப்பாண்டி சட்டை அணிகிறார். உள்பக்கம் வெளியே இருக்கிறது." விடிந்ததிலிருந்து அடைகிறவரை இதே பாட்டு. அவன் அதற்கு அறிவிப்பாளர் என்று பேர் வைத்திருந்தான். குடித்தால் அறிவிப்பாளர் கொஞ்சம் அடங்குவார், அதனால் குடித்தான். போதை தெளிந்ததும் இரண்டு மடங்கு கோபத்தோடு திரும்பி வருவார், அதனால் மறுபடியும் குடித்தான். எழுபதுகளின் கடைசி அது. இங்கே மதுவிலக்கு. ஆனால் செங்கோட்டைக்குப் போய் மலையைத் தாண்டிவிட்டால் கேரளா. அங்கே கள்ளுக்கடைக்காரர்கள் நம் ஊர்க்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இதையெல்லாம் மறைத்து ஆலங்குளத்து நாச்சியாரை வைகாசியில் அவனுக்குக் கட்டிவைத்தார்கள். ஆடி பிறக்கப் போகிறது என்று மகளை அழைத்துப்போக மாமனார் வெள்ளைத்துரை வந்தார். வந்தவர், மாப்பிள்ளை ஒரு குழாய்க்குள் தலையை விட்டு, "நீ முதல்ல வாயை மூடுலே!" என்று சண்டை போடுவதைப் பார்த்தார். கிட்டத்தில் போனார். வாடையும் அடித்தது.

"ஆவணி பொறந்ததும் வந்து நில்லும் மாப்ள. சரியாயிருந்தா பிள்ளையை அனுப்புதேன். இல்லன்னா அவ எங்களோடயே இருந்துக்கிடுவா."

நாச்சியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சங்கிலிப்பாண்டிக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. ஆவணிக்குள் சரியாகாவிட்டால் அவள் இல்லை என்பது அவனுக்கும் புரிந்தது.

உடனே இரண்டு வீட்டுக்கும் வழக்கு முற்றிவிட்டது. அண்ணன் ஊர்க்காவலனின் கட்சி, "தம்பிக்கு வெறும் குடிதான்." பைத்தியம் என்று ஒப்புக்கொண்டால் வீட்டில் இருக்கிற தங்கச்சியை யார் கட்டுவார்கள்? மாமனார் கட்சி, "பைத்தியம்தான். மறைச்சுக் கட்டிவச்சிட்டாங்க." வெறும் குடி என்று ஒப்புக்கொண்டால், விசாரிக்காமல் பெண் கொடுத்த குற்றம் தன் தலையில் விழும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதல் வைத்தியம் அண்ணனுடையது. கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கி, கையில் கறுப்புக் கயிறு கட்டி, தம்பியை மைக்செட் கடைக்குள்ளேயே பூட்டிவைத்தார். மைக்செட்காரனைத் தண்டிக்க மைக்செட்டோடு பூட்டுகிற புத்திசாலியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குடி நின்றதும் அவனுக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. அறிவிப்பாளர் தனக்கு ஒரு உதவியாளரையும் வைத்துக்கொண்டாராம். சங்கிலிப்பாண்டி பொறுத்துப் பார்த்தான். பிறகு ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, கூரையில் இருந்த எல்லாக் குழாய்களிலும் பதில் சொன்னான்.

"ஏலே, நீ யாருலே என் இட்லியைக் கேக்க?"

தெரு முழுக்க எதிரொலித்தது. எதிர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை மூடிவிட்டார்கள். பூட்டைத் திறப்பதைத் தவிர அண்ணனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அடுத்த வைத்தியம் மாமனாருடையது. புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்து அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற சங்கதி. நல்ல சீசன். வெள்ளைத்துரை மாப்பிள்ளையின் தலையில் எண்ணெயைக் கவிழ்த்து, மெயின் அருவிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அங்கே ஓர் அதிசயம் நடந்தது. அருவி இரைச்சலில் அறிவிப்பாளரின் பேச்சு எடுபடவில்லை. சங்கிலிப்பாண்டியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆனால் வெளியே வரமாட்டேன் என்றுவிட்டான். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி ஓய்ந்தார். இவன் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பு ஊறி வெளுத்த பிறகுதான் நாலு பேர் சேர்ந்து இழுத்து வந்தார்கள்.

"பாத்தியளா, தெளிஞ்சிட்டான்!" என்று வெள்ளைத்துரை எல்லோருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

தலை துவட்டும்போதே, "இதோ, நனைந்த கோழி வருகிறது" என்று ஆரம்பித்தாயிற்று. சாயங்காலம் ஈரத்துண்டோடு செங்கோட்டை பஸ்ஸைப் பிடித்தவன், தலை நிறைய எண்ணெயும் வயிறு நிறையக் கள்ளுமாகத் திரும்பி வந்தான்.

"நான் குடியை நிறுத்தி வச்சிருந்தேன், நீரு கெடுத்தீரு" என்றார் அண்ணன்.

"நான் பைத்தியத்தைத் தெளிய வச்சேன், நீரு வளத்த குடி கெடுத்துட்டு" என்றார் மாமனார்.

செய்தி ஆலங்குளத்துக்குப் போனது. மறுநாள் நாச்சியார் என் கடை வாசலில் வந்து நின்றாள். ஆடியில் புதுப்பெண் புருஷன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பதறிப்போனேன்.

"அண்ணாச்சி, அவுகளைக் கூப்பிடுங்க."

அவன் வந்தான். அவள் திட்டவில்லை. இத்தனை பேரில் ஒருத்தர்கூடக் கேட்காததைக் கேட்டாள்.

"அந்த ஆளு உங்ககிட்ட என்னதான் சொல்லுதான்?"

சங்கிலிப்பாண்டி சைக்கிள் டயர் குவியலின் மேல் உட்கார்ந்து அழுதான். "நான் ஒண்ணுக்கும் உதவாதவன்னு சொல்லுதான் நாச்சியா. எல்லாத்தையும் சுத்திச் சுத்தி அங்கனயேதான் கொண்டுவந்து முடிக்கான்."

"குடிச்சா?"

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுதான்."

இத்தனை நாள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாச்சியார் அழவில்லை. பாளையங்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா சாவித்ரி அவனிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தபோதே, அடுத்த பஸ்ஸில் துரத்தி வந்த அண்ணனும் மாமனாரும் உள்ளே நுழைந்தார்கள்.

"குடிக்கு மட்டும் மருந்து குடுங்கம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"மூளைக்கு மட்டும் குடுங்க. மத்தது தானாச் சரியாயிரும்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆளை ரெண்டாப் பிளந்தா கொண்டுவந்திருக்கீங்க? குரல் கேக்குறதுனால குடிக்கிறார், குடிக்கிறதுனால குரல் கூடுது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். யார் இவரைப் பூட்டிவச்சது? மருந்து இல்லாம திடீர்னு குடியை நிறுத்தினா வலிப்பு வந்து உயிரே போயிருக்கும்."

அண்ணன் சுவரைப் பார்த்தார். மாமனார் சிரிக்கத் தொடங்கினார்.

"அருவியில அவ்வளவு நேரம் நிக்க வச்சது யார்?"

மாமனாரும் சுவரைப் பார்த்தார்.

"வார்டுல இருக்கட்டும். சம்சாரம் கூட இருந்து மாத்திரை குடுக்கணும், நான் பேசும்போது அவங்களும் உட்காரணும்."

அதுவரை ஜென்மப் பகையாக இருந்த இருவரும் ஒரே குரலில், "ஆடியில சேந்திருக்கக் கூடாது!" என்றார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம்.

"வார்டு நிறையக் கட்டில் இருக்கு. நடுவுல நர்ஸ் இருக்கா. ஒரு பிள்ளையும் பிறக்காது, போயிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

நாச்சியார் கூடவே இருந்தாள். ஆடி கடைசியில் அவனைத் தென்காசிக்கு அனுப்பிவிட்டு, அப்பா வீட்டுக்குப் போனாள். ஆவணி பிறந்ததும் அண்ணனும் நானும் அவனை ஆலங்குளத்துக்குக் கூட்டிப்போனோம். வழி முழுக்க அண்ணன் பாடம் நடத்தினார். "ஏலே, எல்லாம் தீந்துட்டுன்னு சொல்லு. சத்தமும் இல்ல, ஆசையும் இல்லன்னு அடிச்சுச் சொல்லு." அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான்.

வெள்ளைத்துரை முற்றத்தில் சொந்தபந்தத்தையே கூட்டி வைத்திருந்தார். நாச்சியார் அவர் முன்னாலேயே கேட்டாள்.

"இப்ப சத்தம் கேக்குதா?"

சங்கிலிப்பாண்டி அண்ணனைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"கேக்குது" என்றான். "முன்ன மாதிரி இல்ல. பக்கத்து ஊருல குழா கட்டுன மாதிரி."

"குடிச்சியளா?"

"இல்ல. முந்தாநேத்து செங்கோட்டை பஸ்ல ஏறிட்டேன். அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்தே வந்துட்டேன்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளைத்துரை எழுந்தே விட்டார். "கேட்டியளா? ரெண்டும் அப்படியே இருக்கு! எம் பிள்ளையை அனுப்ப முடியாது."

நாச்சியார் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள்.

"எல்லாம் தீந்துட்டுன்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேம்ப்பா" என்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "பெட்டியைப் பிடிங்க. பஸ் வந்துரும்."