மேடம் தோற்ற மதியம்

பள்ளிக்கூடத்தின் மாடி ஹாலில், பெற்றோர்கள் நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் பிரின்சிபல் மேடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தாம் ஏன் தோற்க வேண்டும் என்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போதும், நிறுத்துங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஃபேன் காற்றில் அவருடைய காட்டன் புடவையின் தலைப்பு பறந்து பறந்து மைக்கில் பட்டு டப் டப்பென்று சத்தம் வந்தது. அதை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு மேலே பேசினார். எதிராளிக்காக ஒரு மனுஷி இத்தனை அக்கறையாகப் பேசி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அது ஏன் அப்படி ஆயிற்று என்று விளங்க, அவர் நடத்திய பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் வெள்ளைக் கதர் போட்டுக்கொண்டு டீ குடிக்கும் கடைகளையெல்லாம் தாண்டினால் வருவது எங்கள் பள்ளி. சின்னக் கிறிஸ்தவப் பள்ளிதான். பிள்ளைகளில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்து இந்துப் பிள்ளைகள், எங்கள் தெருவிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள் கொஞ்சம். கிறிஸ்தவப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் ஜவுளி விற்கிற குடும்பம். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்ததே போதும் என்றுதான் சேர்ந்தேன். அங்கே இப்படி ஒரு ஆளிடம் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை.

மேடத்துக்குக் கல்வியைப் பற்றி ரொம்பப் பழைய எண்ணங்கள். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் கிறிஸ்தவ மடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் சரியான முறை என்பார். சின்ன வயதில் நன்றாக மனப்பாடம் பண்ண வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் ஏன், எப்படி என்று குடைய வேண்டும். பெரிய வகுப்பில் தான் அறிந்ததை அடுத்தவருக்கு விளங்கும்படி, அழகாக, பொய் கலக்காமல் பேச வேண்டும். விவேகம், நீதி, துணிவு, எதிலும் அளவோடு இருத்தல் எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி தினமும் பழக்கினால்தான் வரும், அறிவுரை சொன்னால் வராது என்பார். இது போதாதென்று வாரத்தில் இரண்டு பீரியட் லத்தீன் வேறு. அவரே எடுப்பார். “லத்தீன் படிச்சா எந்த நாட்ல மேடம் வேலை கிடைக்கும்?” என்று ஒரு அப்பா கேட்டபோது, “எந்த நாட்லயும் கிடைக்காதுங்க” என்று சந்தோஷமாகச் சொன்னவர் அவர். அப்படிச் சொல்லியும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள் என்றால் அது அவருடைய முகராசி. மற்ற டீச்சர்கள் மனப்பாடத்தைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு மட்டும் அது புதிதாகத் தோன்றவில்லை. அர்த்தம் தெரிவதற்கு முன்பே அரபி வரிகளை மனதில் ஏற்றிக்கொண்டு, அர்த்தம் பிற்பாடு தானாக வந்து சேர்ந்த பெண் நான்.

அவர் கொண்டுவந்தவற்றில் பிள்ளைகளுக்குப் பிடித்தது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். அதற்கு வழக்கு நேரம் என்று பெயர். ஏதாவது ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வாதாடுவார்கள். மதியம் முதலில் விளையாடிவிட்டுச் சாப்பிடுவதா, சாப்பிட்டுவிட்டு விளையாடுவதா என்பது போன்ற கேள்விகள்தான். ஆனால் ஒரு சட்டம் உண்டு. உன் பக்கத்தைச் சொல்வதற்கு முன்னால் எதிராளியின் பக்கத்தை நீ சொல்ல வேண்டும். அவன் “ஆமா, இதான் நான் சொல்ல வந்தது” என்று ஒப்புக்கொள்ளும்வரை சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் உனக்கு வாய் திறக்க உரிமை. சில பயல்கள் வேண்டுமென்றே ஆமா சொல்லாமல் இழுத்தடித்து, பெல் அடிக்கும்வரை எதிராளியைத் திணற அடிப்பார்கள். மேடம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இது என்ன சட்டம் என்று நான் ஒருமுறை கேட்டேன். எனக்கு எதிலும் பொறுமை கம்மி. தப்பைத் தப்பு என்று சொல்ல எதற்கு இத்தனை சுற்று என்பது என் கட்சி. அவர் வறுத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே சொன்னார். “அடுத்தவங்கள நேசிக்கணும்னு எங்க சபையில வாராவாரம் கேக்கறோம் டீச்சர். எப்படி நேசிக்கறதுன்னு சின்னப் பிள்ளைக்குப் புரியற மாதிரி எங்கயாவது ஆரம்பிக்கணும் இல்லையா? அவன் சொன்னத வளைக்காம சொல்றதுல ஆரம்பிக்கலாம்னு பாத்தேன்.” உரித்த மல்லாட்டையில் பாதியை என் கையில் கொட்டினார். எனக்கு அப்போதும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் சண்டை சூடு பிடிக்கும்போது நான், “முதல்ல நான் சொன்னத நீங்க சொல்லுங்க” என்பேன். என் கணவர், “உங்க ஸ்கூல் கூத்தெல்லாம் இங்க வேணாம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். சண்டை பாதியில் நின்றுவிடும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பள்ளியில்தான் அந்தக் கோரிக்கை எழுந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே மருத்துவ நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் வேண்டும், லத்தீனையும் வழக்கு நேரத்தையும் மனப்பாடப் பீரியட்களையும் எடுத்துவிட்டு அந்த நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்டார்கள். முன்னால் நின்றவர் வேங்கிக்கால் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவர். அவருடைய ஒரே பெண் எங்களிடம் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நிர்வாகத்தார், பெற்றோர்கள் கை தூக்கிச் சொல்வதுதான் முடிவு என்று கூட்டத்தைக் கூட்டிவிட்டார்கள். மேடம் பல வருஷம் உயிரைக் கொடுத்துக் கட்டியது அந்த ஒரு மதியத்தில் நிற்கும் அல்லது விழும்.

கோச்சிங் வைத்த பள்ளிகளில் பிள்ளைகள் படும் பாடு, தூக்கமில்லாத கண்கள், தேறாத பிள்ளைகளின் கதி எல்லாவற்றையும் சேகரித்து நான் மேடத்திடம் சொல்லியிருந்தேன். அதில் பாதியைச் சொன்னாலே தாய்மார்கள் பயந்து கையைக் கீழே இறக்கிவிடுவார்கள் என்பது என் கணக்கு. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை மறித்துவிட்டதால் பெற்றோர்கள் எங்கெங்கோ வண்டியை நிறுத்திவிட்டு வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, பின்னால் சுவரோரமாக நின்றார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் பேசினார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. “கோச்சிங் வேணும். லத்தீன் கித்தீன்லாம் வேணாம். அவ்ளோதாங்க” என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவரை ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

மேடம் எழுந்தார். “அவர் சொன்னத நான் சொல்லிப் பாக்கறேன். தப்பா இருந்தா நிறுத்துங்க” என்று ஆரம்பித்தார். “எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. வசதியானவங்க வீட்டுப் பிள்ளை ஒருதரம் தவறினா இன்னொரு வருஷம் படிக்கும். எம் பொண்ணு தவறினா, போதும் படிச்சதுன்னு எங்க சொந்தக்காரங்க மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. அவளுக்கு ஒரு சான்ஸ்தான். உண்மை, நன்மை, அழகுன்னு இங்க பேசறது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நாளைக்கு என்ன ஆகும்னு பயம் இல்லாதவங்க பேசற பேச்சு. நாளைக்கு எம் பொண்ணு என்னைக் கேப்பா. எல்லாரும் தயாராகறப்ப என்னை மட்டும் ஏம்ப்பா லத்தீன் படிக்க வச்சேன்னு. அன்னிக்கு அவளுக்குப் பதில் சொல்ல மேடம் வரமாட்டாங்க. நான்தான் நிக்கணும்.” சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார். அந்த மனிதர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆமாங்க. இதான். எனக்குச் சொல்ல வரல” என்றார்.

இப்போது மேடத்தின் முறை. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். மேடம், “இதுக்கு என்கிட்ட பதில் இருக்குன்னு நெனச்சுத்தான் வந்தேன். அவர் பக்கத்த சொல்லும்போதே அதுல பாதி கரைஞ்சு போச்சு. மீதி என்னோட ஆசை. என் ஆசைக்காக உங்க பிள்ளைங்கள நான் கேக்க முடியாது” என்று சொல்லி, மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது.

ஆனால் எழுந்தவர் ஹார்டுவேர் கடைக்காரர். “அது எப்படிங்க? என் பக்கத்த நீங்க சொன்னீங்க. உங்க பக்கத்த யாருமே சொல்லலையே” என்றார். தானே சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். “புள்ளைங்க ஒழுக்கமா வளரணும்னு மேடம் சொல்றாங்க” என்றார். மேடம் இல்லையென்று தலையை ஆட்டினார். “நல்லா பேசக் கத்துக்கணும்னு...” அதற்கும் இல்லை. ஹாலில் சிரிப்பு. அவர் விடவில்லை. மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “எனக்கும் எங்க அண்ணனுக்கும் நெலத் தகராறுங்க. வீட்ல கத்திக்கினு இருந்தேன். எம் பொண்ணு வந்து, ‘பெரியப்பா இன்னா சொல்றாருன்னு ஒருதரம் நீ சொல்லுப்பா’ன்னா. சொல்லிப் பாத்தேன். அதுக்கு மேல கத்த வரல. மேடம் சொல்றது இதான்னு நெனைக்கறேன். டாக்டரோ கலெக்டரோ என்னா வேணா ஆவட்டும். எதுக்க இருக்கறவனும் மனுஷன்னு தெரிஞ்சுக்கினு ஆவட்டும். அத அப்புறமா சொல்லித் தர முடியாது, இந்த வயசுலதான் முடியும்னு சொல்றாங்க.”

மேடம் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். “ஆமாங்க” என்றார்.

அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். கோச்சிங் வேண்டும் என்று முதலில் உயர்ந்தது அந்த மனிதரின் கைதான். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். மேடத்தின் பக்கம் ஒரு சிலர்கூட இல்லை. வெளியே போகும்போது அவர் மேடத்தைக் கும்பிட்டார். மேடமும் கும்பிட்டார். அந்த வருஷம் முடிந்ததும், கோச்சிங் நடத்தத் தெரிந்தவர்கள் வரட்டும் என்று சொல்லிவிட்டு, ராணிப்பேட்டையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இப்போது உயிரியல் டெஸ்ட். பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. போன மாதம் ஹார்டுவேர் கடைக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். அவருடைய பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவர் போன பிறகு எனக்கு இத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்த கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ராணிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மேடம் இளைத்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்த செய்தியைக் கேட்டு முகமெல்லாம் மலர்ந்தது. “அப்ப அவர் சொன்னது சரி டீச்சர்” என்றார். அதுதான் என்னை உசுப்பிவிட்டது. “நீங்க அன்னிக்கு வாதாடி இருக்கணும் மேடம். ஜெயிச்சிருக்கலாம். எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டீங்க” என்றேன்.

“சரி. நான் ஏன் அப்படிப் பண்ணேன்னு முதல்ல நீங்க சொல்லுங்க.”

“தோத்தாலும் பரவால்ல, நல்லவங்களா இருக்கணும்னு நெனச்சீங்க.”

“இல்ல டீச்சர். நான் அவ்ளோ நல்லவ இல்ல. எனக்கு ஜெயிக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு.”

யோசித்தேன். அந்த ஹாலை, அந்தக் கூட்டத்தை, பின்னால் நின்ற முகங்களை நினைத்துப் பார்த்தேன். “பிள்ளைங்க சுவரோரமா நின்னுக்கிட்டு இருந்தாங்க. வாராவாரம் நீங்க சொல்லிக்குடுத்தத, உங்களுக்கே நஷ்டம் வர்ற நாள்ல நீங்க விட்டுட்டா, அதெல்லாம் ஸ்கூலுக்கு மட்டும்தான்னு அவங்க நெனச்சுக்குவாங்க. பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும், சொல்லிக்குடுத்தது பொய்யாகக் கூடாதுன்னு நெனச்சீங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஆமா டீச்சர்” என்றார். பிறகு என் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, “இப்ப உங்க பக்கத்த சொல்லுங்க” என்றார்.

பஸ்ஸில் தயார் பண்ணியதில் ஒன்றுகூட வரவில்லை. “பக்கம்லாம் ஒன்னும் இல்ல மேடம். நீங்க இல்லாம அந்த ஸ்கூல்ல எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அவ்ளோதான்” என்றேன்.

அவர் சட்டத்தை மறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் வளையாமல் திருப்பிச் சொன்னார். “நான் இல்லாம அந்த ஸ்கூல்ல டீச்சருக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.” சரிதானா என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமா என்று தலையை ஆட்டினேன்.